முத்திருளாயி மண்ணுல எழுதின கடுதாசி

உம் கொட்டுறவுக மட்டும் உக்காருங்க. தூங்கி விழுறவுக இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. பாதியில கொறட்டை கேட்டா எனக்குப் பொல்லாத கோவம் வரும்.

நம்ம தாத்தனுக்குத் தாத்தன் கோவணம் கட்டாம திரிஞ்ச காலம்னு வச்சுக்கங்க. அப்ப இந்தச் செங்கானேந்தல்ல மொத்தமே நாப்பது கூரைதானாம். மழை பொய்ச்சுப் பொய்ச்சு, ஆம்பளைகள்ல பாதிப்பேரு கப்பலேறிட்டாகளாம். சாத்தையான்னு ஒருத்தரு, அவரும் ஏறுனாரு. ஊருக்குத் தலைவரு அம்பலக்காரர், அவரு மகன் மருது, அவனும் ஏறுனான். ரெண்டு பேரும் ரங்கோன்ல ஒரே அரிசி ஆலையில மூட்டை தூக்குனாகளாம். சாத்தையாவுக்கு எழுத்து வரும். மருதுக்கு வராது. அதனால ஊருக்கு வர்ற கடுதாசி எல்லாம் சாத்தையா எழுதுறதுதான். அம்பலக்காரர் வீட்டுச் சேதியும் அதுலயே ஒரு வரி வரும்.

சாத்தையா பொண்டாட்டி பேரு முத்திருளாயி. அவதான் நம்ம கதை. கல்யாணமாகி எட்டு மாசத்துல புருசன் கப்பலேறிட்டாரு. அவளும் மாமியா ராக்காத்தாளும் ஒரே குடிசையில. ஒருத்திக்கு மகன், ஒருத்திக்குப் புருசன், ரெண்டு பேருக்கும் இருந்தது அந்தக் கடுதாசி ஒண்ணுதான். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு வரும். முத்திருளாயிக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ல படிக்கத் தெரிஞ்சவரு ஒரே ஒருத்தரு, அம்மன் கோயிலுக்குப் பூக்கட்டுற சுந்தரப் பண்டாரம். பிள்ளைகளுக்கு மண்ணுல எழுதி அரிச்சுவடி சொல்லிக் குடுக்குறதும் அவருதான்.

அந்த வருசம் அஞ்சு மாசமாக் கடுதாசி வரல.

என்னாச்சுன்னு யாருக்குத் தெரியும்? கடல் கடந்து போயி எட்டிப் பாத்துட்டா வர முடியும்? சந்தைக்குப் போனவுக ஒரு சேதி கொண்டாந்தாகளாம். ரங்கோன்ல கட்டி நோவு வந்திருக்கு, அக்குள்ல ஒரு கட்டி, தொடை இடுக்குல ஒரு கட்டி, மூணு நாளுல ஆளு காலின்னு. அன்னையில இருந்து முத்திருளாயிக்குச் சோறு எறங்கல. உலையில அரிசியப் போட்டுட்டு, போட்டமா போடலையான்னு கையவிட்டுப் பாப்பாளாம். மாமியாகாரிக்கும் அதே கதிதான். ஆனா ரெண்டு பேரும் அதைப்பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல. பேசினா அது நெசமாயிருமோன்னு பயம்.

அப்ப அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. பத்து நாளு. ஊரு எல்லையில வேப்பிலைத் தோரணம் கட்டிட்டா அசலூராளு உள்ள வரக்கூடாது, உள்ளூராளு வெளியில தங்கக் கூடாது. சாவுச் சேதி மட்டும் காதுலயே விழக் கூடாது. முந்தின வருசம் பக்கத்து மேலேந்தல்ல காப்புக்குள்ள எழவு விழுந்திருச்சாம். முளைப்பாரி முளைச்ச முளையிலயே கருகிப் போச்சாம். அந்த ஆடியிலயே பேதி வந்து வீட்டுக்கு ஒண்ணாத் தூக்கிருச்சாம். அந்தப் பயம் நம்ம ஊருக்குள்ள அப்படியே உக்காந்திருந்துச்சு. பண்டாரத்துக்குத்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி. கையில மஞ்சக் காப்பு கட்டியிருக்கது அவருதானே? தீட்டு பட்டா மொதல்ல அவரு தலையிலதான் விடியும்.

ஒம்பதாம் நாள். உச்சிப்பொழுது. மறுநாள் சாயந்தரம் முளைப்பாரி எடுக்கணும். எல்லையில இருந்து தபால்காரர் கூப்பாடு கேட்டுச்சாம்.

"ஏ செங்கானேந்தலு! சாத்தையா வீட்டுக்கு ரங்கோன் கடுதாசி!"

முத்திருளாயி உலக்கையப் போட்டுட்டு ஓடுனா. பின்னாடியே ராக்காத்தா. தோரணத்துக்கிட்ட போயி நின்னா, தபால்காரரு பதினஞ்சு எட்டு தள்ளி நிக்கிறாரு. கடுதாசிய ரெண்டு பனைமட்டைக்கு இடையில இடுக்கிப் பிடிச்சிருக்காரு, பாம்பைப் பிடிச்ச மாதிரி.

"ஏன்யா அப்படிப் பிடிச்சிருக்கீக?"

"பாருத்தா, நீயே பாரு. மூலை நாலும் கரி. நடுவுல ஓட்டை. வாடை வேற ஒரு மாதிரி அடிக்குது. நான் கொண்டாந்ததே பெருசு." சொல்லிட்டு எல்லைக்கல்லு மேல போட்டாராம். போட்டவரு திரும்பிப் பாக்காம நடையக் கட்டிட்டாரு.

இப்பத்தைய பிள்ளைகளுக்குச் சொன்னாத்தான் தெரியும். அந்தக் காலத்துல நல்ல சேதின்னா கடுதாசி மூலையில மஞ்சத் தடவி வரும். சாவுச் சேதின்னா மூலையில கரி தடவி வரும். அதை வீட்டுக்குள்ள கொண்டு போகாம, வாசல்லயே படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுருவாக. இந்தக் கடுதாசியில ஒரு மூலையில இல்ல, நாலு மூலையிலயும் கரி. மேலுறையில விலாசம் வேற யாரோ எழுதின கை. ராக்காத்தா அதைப் பாத்தா. பாத்ததும் தரையில உக்காந்துட்டா. வாயத் தொறந்தா, காத்துத்தான் வந்துச்சு.

அதுக்குள்ள ஊரே கூடிருச்சு. அம்பலக்காரர் வயிரவ அம்பலம் வந்தாக. பண்டாரமும் வந்தாரு. வந்தவரு கரியக் கண்டதும் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டாராம்.

"பண்டாரத்தய்யா, படிச்சுச் சொல்லுங்கய்யா"ன்னு முத்திருளாயி கையெடுத்துக் கும்பிட்டா.

"ஆத்தா, என்னையக் கேக்காத. காப்புக் கட்டுன கண்ணுல சாவுக் கடுதாசி படக்கூடாது. ஊரு அழிஞ்சு போகும்."

"அப்ப யாருய்யா படிப்பா?"

"யாரும் படிக்க வேணாம்"னாக அம்பலம். "காஞ்ச ஓலைய அள்ளிப் போட்டுக் கொளுத்துங்கப்பா. எல்லைக்கு வெளியிலயே சாம்பலாயிரட்டும். படிக்காத சாவுக்குத் தீட்டு இல்ல. ஏத்தா, நீ தாலியக் கழட்டி மாமியா கையில குடுத்துட்டு, காப்பு அவுக்குற வரைக்கும் வெளியில எங்கிட்டாச்சும் இரு."

ஒரே பேச்சுல முடிச்சுட்டாக பாத்தீகளா? செத்துட்டாகன்னு எழுதியிருந்தா அழுகலாம். அதுகூடத் தெரியாம கொளுத்திட்டா? நாளைக்கு யாரைக் கேக்குறது? உசுரோட இருக்கிற புருசனுக்குத் தாலி அறுத்தவளா, செத்த புருசனுக்குக் காத்துக் கெடக்குறவளா, எதுன்னே தெரியாமச் சாகணும். அந்தப் பயம் இருக்கே, அது நோவுப் பயத்தையும் அம்மன் பயத்தையும் மிஞ்சிருச்சாம்.

ஒரு ஆளு ஓலையப் பத்த வச்சுட்டான். அவன் எல்லைக்கல்லைப் பாத்து எட்டு வைக்கவும், முத்திருளாயி தோரணத்துக்கு அடியில குனிஞ்சு பாய்ஞ்சா. பாய்ஞ்சு கடுதாசிய எடுத்து மாரோட அணைச்சுக்கிட்டா.

"அய்யய்யோ தொட்டுட்டா! தொட்டுட்டா!" ஊரே பத்தடி பின்னால போச்சு.

"நில்லு அங்கனயே!" அம்பலம் கத்துறாக. "இனிமே தோரணத்தத் தாண்டி உள்ள வந்தே, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

உள்ள நாப்பது குடும்பம். வெளியில அவ ஒருத்தி. வெயிலு உச்சியில. உறையப் பிரிச்சா. ஒரு தாளு. வாடை குப்புன்னு அடிக்குது. எழுத்தப் பாக்குறா, ஒண்ணும் புரியல. தாளு ஓரமும் கருகியிருக்கு. இது நோவு வாடையா, பொண வாடையான்னு மனசு கெடந்து அடிக்குது. தூக்கிப் போட்டுட்டு ஓடிருவமான்னு ஒரு நெனைப்பு. பொய் சொல்லல, அவளே பிற்பாடு சொன்னதாம்.

அப்பத்தான் அவ விரலு தாளுக்குப் பின்பக்கம் போச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும். சாத்தையாவுக்கு எழுதத் தெரியுமே ஒழிய, மெதுவா எழுதத் தெரியாது. மூட்டை தூக்குற கை. பேனாவ உழவுக் கலப்பை மாதிரி அமுக்கித்தான் பிடிப்பாரு. முன்பக்கம் எழுதினது பின்பக்கம் தடம் தடமாப் பொடைச்சுக்கிட்டு நிக்கும். பண்டாரம் படிச்சு முடிச்சப்பறம் முத்திருளாயி கடுதாசிய வாங்கி, வீட்டுக்குக் கொண்டு போயி, அந்தப் பொடைப்ப விரலால தடவிக்கிட்டேதான் படுப்பா. மூணு வருசமாத் தடவுன கைக்கு அடையாளம் தெரியாதா?

தடவுனா. மறுக்கா தடவுனா.

"அத்தே!"ன்னு அலறுனா. "அத்தே, இது அவுக கை! உறைதான் வேற யாரோ எழுதினது. உள்ள எழுதியிருக்கது அவுகதேன்! செத்தவுக எப்படி அத்தே எழுதுவாக?"

ராக்காத்தா தலைய நிமித்துனா. கூட்டத்துல சலசலப்பு. அம்பலம் விடல.

"எழுதிப் போட்டதுக்கு அப்பறம் செத்திருந்தா? கூட இருந்தவன் கரியத் தடவி அனுப்பியிருந்தா?"

அம்பலத்துக்கு ஏன் அந்தக் கேள்வி வந்துச்சுன்னு அப்ப யாரும் நெனைக்கல.

முத்திருளாயி கடுதாசிய எல்லைக்கல்லு மேல விரிச்சு, ஒரு கல்லைத் தூக்கிப் பாரம் வச்சா. வண்டித் தடத்துப் புழுதியில முட்டி போட்டு உக்காந்தா. முதல் எழுத்தப் பாத்தா. அது எப்படி வளையுது, எங்க சுழியுது, எங்க கீழ எறங்குதுன்னு பாத்து, அதே மாதிரி விரலால புழுதியில இழுத்தா. பெருசா, ஒரு முழ நீளத்துக்கு.

"பண்டாரத்தய்யா, நீங்க கடுதாசியப் பாக்க வேணாம். மண்ணைப் பாருங்க."

"ஆத்தா, எதுல எழுதினா என்ன..."

இந்த இடத்துலதான் ராக்காத்தா எந்திரிச்சா. அதுவரைக்கும் ஒரு சொல்லு பேசாத பொம்பளை. "யோவ் பண்டாரம்! ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் மண்ணுலதானய்யா எழுத்தக் காட்டுறே? மண்ணுக்கு ஏதுய்யா தீட்டு? பொணத்தையே அது வாங்கிக்கிருது. கண்ணைத் தொற. தொறக்காட்டி இந்தத் தோரணத்துலயே நான் தொங்கிருவேன். அப்ப காப்புக்குள்ள எழவு விழுந்தது நெசமாயிரும்!"

பண்டாரம் ஒரு கண்ணைத் தொறந்தாராம். பெறகு மறு கண்ணு.

அவ எழுதுறா. அவரு தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்னு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டுறாரு. நெனைச்சுப் பாருங்க. என்ன எழுதுறோம்னு எழுதுறவளுக்குத் தெரியாது. இந்தச் சுழி புருசன் சாவா இருக்கலாம், அடுத்த கோடு அவரு உசுரா இருக்கலாம். தன் தலையெழுத்தத் தானே எழுதுற மாதிரி. ஒவ்வொரு எழுத்தையும் முடிச்சுட்டு ஏறிட்டு அவரு மூஞ்சியப் பாப்பாளாம். மூஞ்சி மாறுதா, மாறலையா?

"முத்... திரு... ளாயிக்கு... சாத்தையா... எழுதிக்கொண்டது."

உம். அடுத்த வரி. முட்டியில தோலு உரிஞ்சு புழுதியோட ரத்தம் கலக்குது.

"இங்கே... கட்டி நோவு. ஆலையில்... பதினோரு பேர்... போய்விட்டார்கள்."

முத்திருளாயி கை அப்படியே புழுதியில நின்னுருச்சு. அவ எழுதினதுதான அது? பதினோரு சாவ அவ கையாலயே எழுதியிருக்கா. இதுக்கு மேல எழுத மாட்டேன்னு கை மறுத்துருச்சாம். எழுதாட்டி அவுக இன்னும் உசுரோடதான் இருக்காக. எழுதினா என்ன வருமோ?

"அத்தே, என்னால முடியல. பயமா இருக்கு அத்தே."

அப்ப ஒரு குரலு வந்துச்சு. முதல்ல யாரு குரலுன்னே தெரியலையாம். அம்புட்டு மெலிசா.

"எழுதுத்தா. நிறுத்தாத. எழுது."

திரும்பிப் பாத்தா அம்பலம். மூஞ்சியில ஒரு சொட்டு ரத்தம் இல்ல. தலப்பாக்கட்டு அவுந்து தோளுல கெடக்கு. அப்பத்தான் ஊருக்கு ஒறைச்சுச்சு, அதே ஆலையிலதான அவுக மகன் மருதும் இருக்கான்னு. கடுதாசியக் கொளுத்தச் சொன்னது ஊருக்காக மட்டும் இல்ல, அதுல மகன் பேரு இருந்துருமோன்னு மனுசன் பயந்துபோயித்தான் கொளுத்தச் சொல்லியிருக்காக.

முத்திருளாயி எழுதுனா.

"நான்... பிழைத்தேன்."

ராக்காத்தா வாயில துணிய அடைச்சுக்கிட்டு அழுதா. முத்திருளாயி அழுகல. அவளுக்குக் காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியல. அடுத்த வரிய எழுதிக்கிட்டே போறா.

"மருது... என் பக்கத்தில்... இருக்கிறான். பயமில்லை."

அம்பலக்காரர் தோரணத்துக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாகளாம்.

கடைசி வரி ஒண்ணு இருந்துச்சு. "கப்பலில் ஏற்றும் முன்னே கடுதாசியை ஓட்டை போட்டுக் கந்தகப் புகையில் சுடுகிறார்கள். இந்த முறை உறையில் விலாசம் ஆலைக் கணக்கர் எழுதித் தந்தார். கரியைப் பார்த்துப் பயந்துவிடாதே." எப்படி இருக்கு பாருங்க! எதைப் பாத்துக் கொளுத்தப் போனாகளோ, அதைப் பாத்துப் பயப்படாதேன்னுதான் உள்ள எழுதியிருந்துச்சு. கூட்டம் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சாம், பயந்த சிரிப்பு. முத்திருளாயி எந்திரிக்கப் பாத்தா, முடியல. ரெண்டு பொம்பளைக வந்து தூக்கி, மஞ்சத்தண்ணி ஊத்தி உள்ள கூட்டிப் போனாகளாம்.

மறுநாள் சாயந்தரம் முளைப்பாரி கெளம்புச்சு. ஊருணிக்குப் போகணும்னா அந்த வண்டித் தடத்து வழியாத்தான் போகணும். கொட்டு முழக்கத்தோட வர்றாக, பாத்தா நடுத்தடத்துல அம்பலம் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறாக.

"எழுத்து கெடக்கு. மிதிக்காதீக. சுத்திப் போங்க."

அம்மனே சுத்திப் போனா. அதுக்கப்பறம் வண்டி, மாடு, ஆளு எல்லாமே சுத்தித்தான் போச்சு. அம்பலம் நாலு பக்கமும் முள்ளு வெட்டி அடைச்சாக. தெனமும் போயி நின்னு பாப்பாக. அவுகளுக்கும் படிக்கத் தெரியாது. எந்த வரியில மகன் பேரு இருக்குன்னு பண்டாரத்துகிட்டக் கேட்டு வச்சுக்கிட்டு அதையே பாப்பாக. ஐப்பசியில மழை வந்துச்சு. தென்னங்கீத்தை எல்லாம் கொண்டாந்து மூடுனாகளாம். மழை கேக்குமா? கரைச்சுக்கிட்டுப் போயிருச்சு.

முத்திருளாயி பாத்தா. மனசு கேக்கல. மழை விட்டதும் கடுதாசிய எடுத்துக்கிட்டுப் போயி, அந்த ஒரு வரிய மட்டும் ஈர மண்ணுல மறுபடியும் எழுதிவிட்டா. "மருது என் பக்கத்தில் இருக்கிறான். பயமில்லை."

தை பொறந்து சாத்தையா வந்தாரு. தனியா வந்தாரு.

எல்லையில எறங்குனதும் அம்பலத்துக் காலுல விழுந்து சொன்னாராம். கடுதாசிய எழுதிக் குடுத்த மூணாம் நாளே மருதுக்குக் காய்ச்சல் திரும்பிருச்சாம். கடுதாசி கப்பல்ல வரும்போதே அவன் இல்லையாம். அவனைப் பத்தி மறு கடுதாசி எழுத இவருக்குக் கை வரலையாம். நேருல சொல்லிக்கிரலாம்னு இருந்துட்டாராம்.

அம்பலம் கேட்டுக்கிட்டாக. எழவு சொன்னாக, காரியம் பண்ணுனாக, மொட்டை அடிச்சாக. எல்லாம் முறையா முடிஞ்சுச்சு. அடுத்த ஐப்பசியில மழை பேஞ்சு விட்டுச்சு. முத்திருளாயி வாசல்ல அம்பலம் வந்து நிக்கிறாக. ஊரே பயந்து நடந்த மனுசன், வாசப்படியில கைய வச்சுக்கிட்டு நின்னாகளாம்.

"ஆத்தா, மழையில அழிஞ்சிருச்சு. அந்த வரிய ஒருதரம் எழுதிவிடுறியா?"

அவ சாத்தையாவப் பாத்தா. சாத்தையா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவ அம்பலத்துக்கு முன்னாடி நடந்து போயி, முட்டி போட்டு எழுதிவிட்டா. கடுதாசியக்கூட எடுத்துப் போகல. அந்த வரி அவ கைக்கே வந்துருச்சு. அம்பலம் கண்ண மூடுற வரைக்கும், ஒவ்வொரு மழைக்கும் எழுதிவிட்டாளாம்.

அதுதான் நம்ம ஊரு ரோடு அங்கன ஒண்ணுமில்லாத பொட்டல்ல வளைஞ்சு போறதுக்குக் காரணம். தாரு போட வந்தவுக நேராப் போடுறோம்னாகளாம், ஊரு விடல. வெளிநாட்டுக்குப் போற நம்ம பயக, பையில ரெண்டு செல்போனு வச்சிருந்தாலும், அந்தப் பொட்டல்ல குனிஞ்சு விரலால ஒரு வரி எழுதிட்டுத்தான் பஸ்ஸு ஏறுறான். என்ன எழுதுனேன்னு யாரும் கேக்க மாட்டாக. காத்து அழிக்கலாம், மழை அழிக்கலாம். காலு மட்டும் படக்கூடாது. போற வழியில பாத்துச் சுத்திப் போங்கப்பா.